அருவருப்புக்கு ஒரு குளிசை

என்னிடம் வந்து எவரும் 'பயப்பிடாதேங்கோ' என்று சொல்லக் கூடாது. எனக்குப் பயமில்லை, அருவருப்பு. இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், ஜேர்மன் மொழியில் சொல்லிப் பார்த்தேன், ஆஸ்பத்திரிக்காரரின் மண்டையில் ஏறவேயில்லை. தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, பாவம் இந்த மனிசி சாவுக்குப் பயப்படுகிறது என்ற பார்வையையே மறுபடி மறுபடி பார்த்தார்கள்.

குடலில் புற்றுநோய். வெட்டினார்கள். பிறகு ஈரலுக்கும் போய்விட்டது, இனி வெட்ட ஒன்றுமில்லை, இந்தக் குளிர்காலம் தாண்டாது என்றார்கள். அதைக் கேட்டு நான் அழவில்லை. ஐம்பத்தொன்பது வயது, மகளைப் படிப்பித்துக் கட்டிக் கொடுத்தாயிற்று, போகத்தானே வேண்டும். சாவோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை எல்லாம் பையோடுதான். குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாக, ஈரமாக, பல்லில்லாத வாய் மாதிரி இருக்கிறது அது. தானாக அசையும். நான் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே தன்பாட்டில் கழிக்கும், சத்தமும் போடும். சீ.

இதைச் சொல்கிறவள் டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு கிழடுகளைக் கழுவித் துடைத்துவிட்டு, பத்து மணிக்கு அதே கையால் பாண் தின்றிருக்கிறேன். அடுத்தவரின் பீ என்றால் அது வேலை, மாதம் முடியச் சம்பளம் வரும். என்னுடையது எனக்கு ஏலவில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிட்டால்தானே பை நிறையும்? சாப்பாட்டைக் குறைத்தேன். ஒரு பிஸ்கட், அரைக் கோப்பை கஞ்சி. பை காய்ந்து கிடந்தது, நானும் நாற்பத்தொரு கிலோவுக்கு வந்தேன். டொக்டர்மார் பயந்துபோனார்கள்.

வருத்தம் பார்க்க வருகிற சனம் இன்னொரு கொடுமை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ஒரு கையில் முந்திரிகைப்பழம், மறு கையில் நெஸ்ரமோல்ட் சத்துமாப் பேணி. கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். நான் விடிய எழும்பினதும் சாம்பிராணி போடுகிறேன். புகை எச்சரிக்கைக் கருவி ஊளையிடுகிறது என்று அதன் பற்றரியையே கழற்றி வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் பை நாறும். தக்சாயினி என்று ஒருத்தி, என்னோடு ஒரே முகாமில் அகதியாக இருந்தவள், கைலேஞ்சியை மூக்கடியில் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒண்டும் மணக்கேல்லையடி ஜெயா. உனக்குத்தான் மனப்பிரமை."

சொல்லிவிட்டு, வார்த்த தேத்தண்ணியில் ஒரு மிடறுகூடக் குடிக்காமல் போனாள். எனக்கு அந்தக் கைலேஞ்சியைப் பிடுங்கி அவளுடைய வாய்க்குள் அடைக்க வேண்டும்போல இருந்தது.

பையை மாற்றக் காலையிலும் மாலையிலும் தாதி வருவாள். இடையில் ஒழுகினால்தான் பிரச்சினை. முதலில் நானே மாற்றினேன். கீமோ என் விரல்களை மரக்கச் செய்துவிட்டது, இப்போது கத்தரிக்கோல்கூடப் பிடிக்க ஏலாது. மகள் கம்சனா பிறேமனில் இருக்கிறாள், கிழமைக்கு ஒரு தரம்தான் வருவாள். வீட்டில் மிச்சம் இருப்பது என் மனிசன் அருட்பிரகாசம்.

இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தேழு வருடம் பாண் தொழிற்சாலையில் நின்றவர், வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, எல்லாம் சுத்தம். நான் மீன் கழுவினால் பல்கனிக்குப் போய் நிற்பார். பிள்ளை சின்னதாய் இருந்தபோது ஒரு நாள் ஒரு நப்பி மாற்றினதில்லை. பக்கத்து மேசையில் யாரும் மூக்குச் சீறினால் அவருடைய சாப்பாடு அத்தோடு முடிந்தது. இப்படிப்பட்டவர், டொக்டர் ஹொஸ்பிஸ் என்ற கதையை எடுத்ததும், "தேவையில்லை. வீட்டிலை நான் பாப்பன்" என்றார். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஹொஸ்பிஸ் என்பது சாகப்போகிறவர்களைக் கடைசிவரை பராமரிக்கிற இல்லம். என் பெயரை நானே கொடுத்தேன். அங்கே பையைப் பார்க்கப்போகிறவர்கள் சம்பளத்துக்குப் பார்ப்பார்கள், நான் பார்த்த மாதிரி. முப்பத்துமூன்று வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, 'ஒண்டும் மணக்கேல்லை' என்று பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு சாவதைவிட அது மேல். ஒக்ரோபரில் ஒரு கட்டில் காலியாகிறது, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லுங்கள் என்று போன் வந்தது. அந்த மனிதர் முற்றத்துக்குப் போய் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தார்.

அந்தக் கிழமைதான் குளிசையும் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னமே கம்சனாதான் அந்த ஆராய்ச்சிக்கு என் பெயரை எழுதிப் போட்டிருந்தாள்.

"அம்மா, இது போதைவஸ்து இல்லை. காளானிலை இருக்கிற ஒரு சாமானை மருந்தாக்கியிருக்கினம். புற்றுநோய்க்காரருக்கு மனசிலை வாற கஷ்டத்துக்குக் குடுத்து ஆராய்ச்சி செய்யினம். டொக்டர்மார் பக்கத்திலையே இருப்பினம்."

"காளான் திண்டு பைத்தியம் பிடிக்கிறதுக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமே?"

"நீங்கள் சாப்பிடுறியள் இல்லையம்மா. நான் வேறை என்ன செய்யிறது?"

அவளுக்குக் குரல் உடைந்தது. சரி என்று தொலைத்தேன்.

ஆராய்ச்சி அறையைக் கண்டதுமே எனக்குக் குமட்டியது. ஆஸ்பத்திரி மாதிரித் தெரியக் கூடாது என்று பாடுபட்டிருந்தார்கள். ஆட்டு மயிர்க் கம்பளி, உள்ளே பல்ப் எரிகிற உப்புக்கல், மூலையில் ஒரு புத்தர். யாழ்ப்பாணத்தில் புத்தர் வந்து இருக்கிற இடத்துக்குப் பின்னாலேயே ஆமி வந்து இருக்கும். முதல் நாளே அவரை எடுத்து வெளியில் வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது என்றேன்.

என்னோடு இருக்க இரண்டு பேர். ஒருத்தி திருமதி வீகாண்ட், இங்கத்தைய முறையில் ஃபிராவ் வீகாண்ட், மனநல டொக்டர், காற்றுப்போன குரலில் கதைப்பாள். மற்றவர் கௌஷிக், கோயம்புத்தூர்ப் பெடியன், இங்கே ஆராய்ச்சி செய்ய வந்தவர். எனக்குத் தமிழில் ஆறுதலாக இருக்கட்டும் என்று அவரைப் போட்டிருந்தார்கள். என்னை 'ஆன்ட்டி' என்பார். மூன்று தரம் அவர்களோடு இருந்து கதைத்தேன். ஒரு படிவம் தந்தார்கள். சாவைப் பற்றிய பயம், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? பூச்சியம் போட்டேன். கௌஷிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, ஹானஸ்டா போடலாம். யாரும் ஜட்ஜ் பண்ண மாட்டோம்."

"தம்பி, அருவருப்புக்கு இதிலை இடம் இருக்கே? இருந்தால் காட்டுங்கோ, பத்துப் போடுறன்."

இடம் இருக்கவில்லை.

புதன்கிழமை காலை குளிசை தந்தார்கள். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அதனால் அருட்பிரகாசம் வெளியே நடையில், மாற்றுப் பைகள் இருந்த தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குளிசை வெறும் வயிற்றில் வேலை செய்யட்டும் என்று நான் முதல் நாளே ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் கம்சனா போனில் அழுதாளே என்று காலையில் ஒரு வாழைப்பழம் தின்றேன். கண்ணைத் துணியால் கட்டி, காதில் பாட்டைப் போட்டு, என்னைப் படுக்க வைத்தார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் கம்பளி நனைந்த ஆடாக நாறத் தொடங்கியது. என் நாக்கு வாய்க்குள் தடித்துக்கொண்டு போனது. உடம்புக்குள் இருக்கிற ஒவ்வொரு குழாயும் எனக்குத் தெரிந்தது. என்ன ஓடுகிறது, எது அடைத்திருக்கிறது, எது அழுகுகிறது என்று எல்லாம் தெரிந்தது. இதைத்தானா நான் ஐம்பத்தொன்பது வருடம் சேலை சுற்றிக் கோயிலுக்குக் கொண்டு திரிந்தேன் என்று நினைத்துக் கூசிப்போனேன்.

அப்போதுதான் பாட்டு மாறியது. தமிழ்ப் பாட்டு, ஒரு பழைய சிவ பதிகம். கௌஷிக் எனக்காகத் தேடிப் போட்டது. அவருடைய ஊரில் அதைக் காலையில் வீட்டில் போட்டுக் கேட்பார்களாம், மனதுக்கு அமைதியாம். எங்கள் ஊரில் அதை ஒரே ஒரு இடத்தில்தான் படிப்பார்கள். செத்தவீட்டில், பிரேதத்துக்குப் பக்கத்தில், உரலில் வாசனைச் சுண்ணம் இடிக்கும்போது.

உலக்கை விழுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. டோர்ட்மண்ட் சுடலையின் பெரிய மண்டபத்தில் பெட்டிக்குள் கிடக்கிறேன். புருஷன் இருக்கப் போனவள் என்று கூறை உடுத்து, பொட்டு வைத்து, பூவும் வைத்திருக்கிறார்கள். கூறைக்குக் கீழே பை. சனம் வரிசையாக வருகிறது. ஒவ்வொருவரும் குனிந்து வாய்க்கரிசி போடுகிறார்கள், ஒவ்வொருவரும் என் காதுக்குள் 'ஒண்டும் மணக்கேல்லை' என்கிறார்கள். ஒரு கையில் அரிசி, மறு கையில் கைலேஞ்சி. பை கூறைக்குள் ஊதிக்கொண்டு வருகிறது. வரிசையின் கடைசியில் என்னுடைய பதினொரு கிழடுகளும் நிற்கிறார்கள், ஃபிராவ் குறொய்ட்ஸ்காம்ப் முன்னால். தினமும் நான் கழுவுகிறபோது சுவரைப் பார்த்து அழுகிற மனிசி. அவள் குனிந்து, என்னுடைய குரலில், நான் அவளுக்குச் சொன்ன அதே பசப்பலைச் சொன்னாள்: "பரவாயில்லை, ஒன்றும் மணக்கவில்லை." இருபத்திரண்டு வருடம் நான் சொன்ன பொய். அவர்கள் ஒருவரும் ஒரு நாளும் அதை நம்பியிருக்கவில்லை. என்னையே எனக்குப் பிடிக்காமல் போனது.

வயிற்றின் பக்கத்தில் சூடாக எதுவோ ஓடியது. இது கனவில்லை என்று தெரிந்தது. கண் கட்டைப் பிடுங்கி எறிந்தேன். பை கழன்றிருந்தது. என் சட்டையில், அவர்களுடைய ஆட்டு மயிர்க் கம்பளியில், எல்லா இடமும்.

ஃபிராவ் வீகாண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரி, ஃபிராவ் அருட்பிரகாசம், இது இயற்கை" என்றாள். மருந்தின் கூர்மையில் அவளுடைய மூக்கு எனக்கு ஒரு சாண் தெரிந்தது. துவாரம் இரண்டும் ஒட்டியிருந்தன. வாயால் மூச்சு விடுகிறாள். அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? அதை வைத்துத்தானே நான் பிழைத்தேன்.

கௌஷிக் வெளிறிப்போய் நின்றார். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஸ்மெல்லே வரல."

"எல்லாரும் வெளியிலை போங்கோ" என்றேன். மருந்துக்குள் இருக்கிறவளைத் தனியே விட ஏலாதாம். பை மாற்றுகிற தாதி வேறு பிரிவில் நிற்கிறாளாம், அரை மணித்தியாலம் ஆகுமாம். அந்த அரை மணித்தியாலமும் இரண்டு பேரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டு நிற்கப்போகிறார்கள் என்று நினைக்க, ஹொஸ்பிஸ் வரைக்கும் போகாமல் அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

கௌஷிக் மாற்றுப் பை வாங்கக் கதவைத் திறந்தார். தோள்பையோடு அருட்பிரகாசமே உள்ளே வந்துவிட்டார். வந்தவர் இரண்டு அடி வைத்து நின்றார். முகம் அப்படியே கோணிப்போயிற்று.

"ஐயோ கடவுளே, நாறுது" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்று ஃபிராவ் வீகாண்ட் கௌஷிக்கிடம் கேட்டாள். அந்தப் பெடியன் கம்பளியைப் பார்த்தார். நானே ஜேர்மன் மொழியில் சொன்னேன்: "நாறுகிறது என்கிறார். உண்மையைத்தான் சொல்கிறார்."

அவர் யன்னலைத் திறக்கப் பார்த்தார், அது ஒரு விரற்கடைதான் திறந்தது. திரும்பி வந்து கட்டிலடியில் நின்றார்.

"எங்கையிருந்து துவங்கிறது?"

"உங்களாலை ஏலாது. தாதி வரட்டும்."

"அது வரைக்கும் உதுக்குள்ளையே கிடக்கப்போறீரே? சொல்லும்."

"முதல் கையுறை போடுங்கோ."

போட்டார். ஈரத்துணியால் துடைத்தார். மிச்சம் ஒட்டியிருந்த பையை உரித்ததும் உள்ளே இருந்ததைக் கண்டார். எட்டு மாதமாக நான் காட்டாதது.

"இதுவே?"

"இதுதான்."

"அசையுது."

"ஓம், அசையும்."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு மூலையில் இருந்த கை கழுவும் தொட்டிக்கு ஓடினார். சத்தி எடுத்தார். காலையில் தின்ற பாண் முழுக்க வந்தது என்று நினைக்கிறேன், அந்தளவுக்குச் சத்தம். ஃபிராவ் வீகாண்ட் அவரைப் பிடிக்கப் போனாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவி, புதுக் கையுறை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"சத்தி வந்திட்டுது" என்றார்.

"கேட்டது."

"இனி என்ன?"

"புதுப் பையிலை ஓட்டை வெட்டவேணும். அளவு அட்டை உள்ளுக்குக் கிடக்கு."

வெட்டினார். தேங்காய் போகிற அளவுக்கு வெட்டினார்.

"இவ்வளவு பெரிசா வெட்டினால் ஒழுகும்."

"நீர் சும்மா கிடவும். நான் இருபத்தேழு வருசம் மெஷினுக்கு முன்னாலை நிண்டவன்."

"அங்கையும் இப்பிடி வெட்டியிருந்தால் ரெண்டாம் நாளே துரத்தியிருப்பாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகோ தெரியாது. சிரிக்கச் சிரிக்க வயிறு குலுங்கியது, வயிறு குலுங்க அந்தச் சனியன் இன்னும் கொஞ்சம் துப்பியது.

"சிரியாதையும், வருது" என்று கத்தினார். நான் இன்னும் சிரித்தேன். இரண்டாவது பையை அளவாக வெட்டினார். கோணலாக ஒட்டினார், ஆனால் ஒட்டினார். பிறகு தொட்டியடிக்குப் போய் நாலு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். என் கண்ணுக்கு முன்னாலேயே கையை மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, ஐந்தாம் தரமும் கழுவினார். அந்தச் சுளிப்பை நான் ஆசையோடு பார்த்துக்கொண்டு கிடந்தேன். எட்டு மாதத்தில் என்னோடு உண்மையாக நடந்துகொண்ட முதல் முகம் அது.

மிச்ச நேரத்தில் எனக்கு வெளிச்சமும் தெரியவில்லை, சாமியும் வரவில்லை. பாட்டை நிற்பாட்டச் சொன்னேன். சட்டத்தை மீறி அவரைப் பக்கத்துக் கதிரையில் இருக்க விட்டார்கள்.

வியாழக்கிழமை ஃபிராவ் வீகாண்டும் கௌஷிக்கும் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். பிரபஞ்சத்தோடு ஒன்றாகிப்போன உணர்வு இருந்ததா, பூச்சியத்திலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு? பூச்சியம். சாவுப் பயம்? பூச்சியம். மருந்தால் ஏதாவது மாற்றம்? மருந்தோ, மனிசனோ, எது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கௌஷிக் பாட்டுக்காக மன்னிப்புக் கேட்டார். "எங்க வீட்ல தினமும் ஓடும் ஆன்ட்டி, உங்க ஊர்ல இப்படின்னு தெரியவே தெரியாது." கேட்டிருக்கலாமே தம்பி என்றேன்.

பிறகு நான் ஃபிராவ் வீகாண்டிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நேற்று உங்களுக்கு நாறியதா?"

அவள் பேனையை மூடினாள்.

"ஓம்" என்றாள். "நன்றாக நாறியது."

அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது.

வெள்ளிக்கிழமை விடிய எழும்பும்போது அருவருப்பு அதே இடத்தில் இருந்தது. பையைப் பார்த்தேன், சீ என்றுதான் வந்தது. குளிசை அதைக் கழுவிக்கொண்டு போகவில்லை. ஆனால் பசித்தது. அருட்பிரகாசம் சோறும் பருப்பும் காய்ச்சியிருந்தார். பதினொன்றரைக்குக் கோப்பையில் கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பன்னிரண்டு மணிக்குள் ஹொஸ்பிசுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் சாப்பிட்டு முடித்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றேன். "ஒருக்கால் செய்தியள், சரி. இது ஒவ்வொரு நாளும் வரும். போகப் போக இன்னும் நாறும். உங்களாலை ஏலுமே? எனக்குப் பொய் சொல்லாதேங்கோ."

அவர் யோசித்தார். மூக்கைத் தடவினார்.

"ஒவ்வொரு நாளும் சத்தி எடுப்பன் போலத்தான் கிடக்கு" என்றார். "எடுத்துப்போட்டு வந்து செய்வன்."

நான் போனை எடுத்து, அந்தக் கட்டிலை வேறு யாருக்கும் கொடுங்கள் என்று ஹொஸ்பிசுக்குச் சொன்னேன். பிறகு கோப்பையை அவரிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.